குழாய் நீரும் பேப்பாறைக் காடும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை அடுத்த ஆரியசாலையில் வாழ்வோர், தம் இல்லத்துக் குழாய் நீரின் பிறப்பிடத்தை அறிதல் நன்று. நகரின் குடிநீருக்கு முதன்மையான ஆதாரம் அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் கரமனை ஆறாகும். அருவிக்கரையில் தேக்கிய ஆற்றுநீர் 1933-ஆம் ஆண்டு முதல் நகருக்கு வழங்கப்பட்டு வருகிறது. தேவை பெருகவே, ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணை கட்டப்பெற்றது. அதனைச் சூழ்ந்த 53 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு 1983-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று.

அணைக்கும் காட்டிற்கும் உள்ள தொடர்பு யாது? அடர்ந்த காட்டில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குவதில்லை. இலைகளில் தங்கி, மக்கிய சருகினூடே மெல்ல ஊறி, மழை நின்ற பின்னும் ஓடைகளில் கசிகிறது. காடு அழியின், வெள்ளம் மண்ணை அரித்துக் கொணர்ந்து நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவிடும். அதன் கொள்ளளவு குறையும்.

எல்லை வகுத்தல் மட்டும் போதாது. கோடைத் தீ பரவாவண்ணம் தீத்தடுப்புக் கோடுகளும் அமைத்தல் வேண்டும். தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை. சரணாலயத்திலோ மக்களின் சில உரிமைகள் தொடரலாம். பேப்பாறையில் காணிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். ஆதலின் அவர்தம் வாழ்வும் காட்டின் நலமும் ஒருங்கே பேணப்படுதல் வேண்டும். காட்டைக் காக்க ஆகும் செலவு, நகரின் குடிநீருக்காகச் செய்யும் செலவேயாம்.