கடுகும் கடுகைப் போன்றவையும்

கொச்சங்காடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், பழைய மதிலொன்றை ஒட்டி ஒரு வெற்று மனை உண்டு. இடவப்பாதி மழை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்தால், அங்கே முழங்கால் உயரத்தில் மஞ்சள் பூக்களோடு ஒரு செடி அடர்ந்து நிற்கும். சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் அதைப் பார்த்ததும், "நாய்க்கடுகு" என்றார். அண்டை வீட்டு மலையாள அம்மையாரும் அதே பெயரைத்தான் சொன்னார். உடனே என் மகள் கேட்டாள்: "கடுகு என்றால் தாளிக்கலாம்தானே, பாட்டி?"

சிறுபிள்ளையின் கேள்விதான். ஆயினும் இதற்குச் சரியான விடை தெரியாமற்போனால் உயிருக்கே கேடு நேரக்கூடும்.

முதலில் உண்மைக் கடுகைக் காண்போம். அதன் பூவில் நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்திருக்கும். மகரந்தத் தாள்கள் ஆறு. அவற்றுள் நான்கு நீண்டவை, இரண்டு குட்டையானவை. இக்குடும்பத்தின் பொது அடையாளம் இதுவே.

குடும்பத்துக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. கருங்கடுகின் காய்கள் குட்டையாய், நான்கு பட்டையுடன் தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். இந்தியாவில் பெரும்பான்மையாய்ப் பயிராகும் பழுப்புக் கடுகின் காய்கள் நீண்டு, தண்டிலிருந்து விலகி நிற்கும். வட இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிரிடும் 'தோரியா' இனத்தில் மேல் இலைகளின் அடிப்பகுதி தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். முன் கூறிய இரண்டிலும் அவ்வாறு தழுவுவதில்லை. இவை மூன்றும் உறவினரே. 'தோரியா' இனமும் கருங்கடுகும் கலந்து பிறந்ததே பழுப்புக் கடுகு என்பதைக் கொரிய வம்சாவளி அறிஞர் ஊ ஜாங்-சூன் 1935-இல் விளக்கினார். கருங்கடுகின் 8 குரோமோசோம்களும் மற்றதன் 10-உம் சேர்ந்து, பழுப்புக் கடுகில் 18 ஆயின.

நாய்க்கடுகோ வேளைக்கீரைக் குடும்பத்தைச் சார்ந்தது. இதற்கும் இதழ்கள் நான்கே. ஆனால் அவை சிலுவைபோல் விரியாமல் ஒருபுறமாய் ஒதுங்கி மேல்நோக்கி நிற்கும். மகரந்தத் தாள்கள் பத்துக்கும் மேல். ஒவ்வோர் இலையும் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். செடியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். விதை கடுகைப்போல் உருண்டையாய் வழவழவென்றிராது. வரிவரியாய்ச் சுருங்கி, ஒருபக்கம் பிளவுபட்டிருக்கும். இதன் நெருங்கிய உறவான தைவேளைக்கு வெண்ணிறப் பூ. பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள்.

இவ்விரண்டையும் கொச்சி மண்ணில் முன்னரே பிரித்தறிந்து எழுதி வைத்துள்ளனர். கொச்சியில் டச்சு ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் வைத்தியர் முதலானோரின் துணையுடன் உருவாக்கிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் நாய்க்கடுகு 'ஆர்யவேள' என்றும், தைவேளை 'கரவேள' என்றும் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன.

நாய்க்கடுகு நஞ்சன்று. உத்தராகண்ட் மலைப்பகுதியில் அதன் விதையை 'ஜக்யா' என்னும் பெயரில் இன்றும் தாளிக்கின்றனர். ஆகவே என் மகளின் கேள்விக்கு, "தாளிக்கலாம், ஆனால் அது கடுகன்று" என்பதே விடை.

அஞ்ச வேண்டியது வேறொரு செடியை. பிரமதண்டு என்றும் குடியோட்டிப்பூண்டு என்றும் வழங்கும் அது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து தரிசு நிலமெங்கும் பரவிவிட்டது. பூ மஞ்சள், இலையில் முட்கள், நரம்புகளை ஒட்டி வெண்மை, ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். செடியை எளிதில் அறியலாம். விதைதான் கருங்கடுகை அப்படியே ஒத்திருக்கும். அதிலுள்ள சாங்குவினரின் என்னும் நச்சுப்பொருள் எண்ணெயில் கலந்தால் கால்கள் வீங்கும். இதயமும் கண்ணும் பாதிக்கப்படும். 1998-இல் தில்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டே மத்திய அரசு, சமையல் எண்ணெயை அடைத்த சிப்பங்களில் மட்டுமே விற்க வேண்டுமென ஆணை பிறப்பித்தது.

நாம் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. கடுகைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கடுகின் மேற்பரப்பு வழவழப்பாயிருக்கும். பிரமதண்டு விதை சொரசொரப்பாயும் மேலும் கறுத்தும் இருக்கும். ஐயமுள்ள விதையை நசுக்கினால், கடுகின் உட்புறம் மஞ்சள். பிரமதண்டின் உட்புறம் வெண்மை. எண்ணெயாக அரைத்தபின் இவ்வேறுபாட்டைக் கண்ணால் காண இயலாது, ஆய்வுக்கூடமே துணை. எனவே எண்ணெயை உரிமஎண் அச்சிட்ட சிப்பத்திலேயே வாங்குவது நலம்.

வங்கியில் காசோலையின் கையெழுத்தைச் சரிபார்க்கும்போது, முதலெழுத்து மட்டும் ஒத்திருக்கிறதென்று நாங்கள் பணம் தருவதில்லை. சாய்வு, இடைவெளி, முடிக்கும் சுழிப்பு எல்லாம் பொருந்த வேண்டும். செடிக்கும் அதுவே முறை: பூவின் நிறத்தை மட்டும் நம்பாமல் இதழமைப்பு, இலை, காய், விதை நான்கையும் பாருங்கள். மஞ்சளாய்ப் பூத்து நிற்பவை எல்லாம் கடுகல்ல.