பழைய பைக், செல்போன் வாங்குறீங்களா? பேப்பர் எங்கே, கேளுங்க!

காரியாபட்டி–

"புதுசு எதுக்கு? ஓடுற பழசு போதும்!"

மானாவாரி பூமியான காரியாபட்டி வட்டாரத்தில் இது கஞ்சத்தனப் பேச்சு அல்ல. மழையை நம்பிப் பிழைப்பவர் போடும் கணக்கு. பஸ் ஏறினால் மதுரை. அங்கே திலகர் திடல் ஞாயிறு சந்தை பழைய சாமான்களுக்குப் பேர் போனது.

ஆனால் பழைய சாமானோடு பழைய வில்லங்கமும் வீடு வந்து சேரலாம். உஷார்!

திருட்டு போனா?

திருட்டுப் பொருள் எனத் தெரிந்தே வாங்கினால் வாங்கியவருக்கும் கம்பிதான். 2024 ஜூலை 1-ந் தேதி அமலான பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

செல்போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் அதைப் போட்டால், முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும்.

விற்றவருக்கும் வம்பு

பைக்கை விற்றவர் சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணினால் மட்டும் போதாது. 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யிலும் இன்சூரன்சிலும் பேர் மாற வேண்டும்.

பல கை மாறிய கார் ஒன்று விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றவர் தலையில் விழுந்தது சுமை!

பழசு வாங்குங்க, தப்பே இல்லை. சாமானுக்கு பில், வண்டிக்கு ஆர்.சி. "அப்புறம் தர்றேன்" என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் நடையைக் கட்டுங்க!