துப்பாக்கி வேண்டுமா? காகிதம் கேட்கும் கேள்விகள்!

வீட்டில் அரிவாள் இருக்கிறது. கோடாலி இருக்கிறது. அவற்றுக்கு யாரும் லைசென்சு கேட்பதில்லை. ஆனால் ஒரு துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமானால் ஒரு கட்டுக் காகிதம் தேவை. ஏன்?

அரிவாள் கைக்கு எட்டிய தூரம்தான் பாயும். துப்பாக்கிக் குண்டு, சுட்டவர் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் போகும். போன குண்டைத் திரும்ப அழைக்க முடியாது.

அதனால்தான் சர்க்கார் முதலில் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை. அதைப் பிடிக்கப் போகிற ஆளைப் பார்க்கிறது. மனுவோடு சேர்க்கும் ஒவ்வொரு காகிதமும் அந்த ஆளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்!

பழைய சட்டமும் புதிய சட்டமும்

வெள்ளையர் ஆட்சியில், 1878-ல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்குக் கட்டுப்பாடு; ஐரோப்பியருக்கு விலக்கு! இந்தப் பாகுபாடு மக்கள் மனதில் முள்ளாகக் குத்தியது. 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் செய்தது. 1962 அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. மனு செய்யும் முறைகளைச் சொல்வது 2016-ம் ஆண்டு விதிகள்.

யாருக்குக் கிடைக்காது?

21 வயது நிறையாதவருக்குக் கிடைக்காது. மனநிலை சரியில்லாதவருக்குக் கிடைக்காது. வன்முறைக் குற்றத்துக்கோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். "அமைதியாக நடந்து கொள்வேன்" என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு, அந்தப் பத்திரத்தின் கெடு முடியும் வரை லைசென்சு இல்லை.

கட்டில் என்னென்ன?

மலையடிவாரத்தில் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிரைக் காக்க அவருக்குத் துப்பாக்கி வேண்டும். அவர் என்ன செய்ய வேண்டும்?

தனி நபருக்கான மனுவின் பெயர் 'ஏ-1' படிவம். மாவட்டத்தில் கலெக்டரிடமும், போலீஸ் கமிஷனர் உள்ள பெருநகரத்தில் கமிஷனரிடமும் மனு போகும்.

நீங்கள் யார்? இதற்குப் பதில் போட்டோ, பிறந்த தேதிக்கான சான்று, ஆதார் போன்ற அடையாளச் சான்று.

எங்கே இருக்கிறீர்கள்? இதற்குக் குடியிருப்புச் சான்று.

எதற்காகத் துப்பாக்கி? இதற்கு அவருடைய நிலத்தின் பட்டாவும், என்ன பயிர் என்ற விவரமும். "சும்மா இருக்கட்டும்" என்பது பதில் ஆகாது.

உடலும் மனமும் நலமா? இதற்கு டாக்டர் சர்டிபிகேட்.

எங்கே வைப்பீர்கள்? பூட்டிய இரும்புப் பெட்டியிலோ பீரோவிலோ வைப்பதாக உறுதி கூற வேண்டும். பரண்மேல் போட்டு வைக்கலாம் என்று எண்ணாதீர்கள். பரணுக்கு ஏணி வைத்து ஏறத் தெரியாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

மறைக்காதீர்கள்!

படிவம் இன்னும் சில கேள்விகள் கேட்கும். தண்டனை பெற்றது உண்டா? முன்பு மனு செய்து தள்ளுபடி ஆனதா? குடும்பத்தில் வேறு யாரிடமாவது துப்பாக்கி இருக்கிறதா?

பலர் இடறி விழுவது இங்கேதான். "பழைய சங்கதி, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று 'இல்லை' என எழுதி விடுகிறார்கள். ஆனால் மனுவின் மேல் உள்ளூர் போலீஸ் நிலையத்திலிருந்து அறிக்கை கேட்கப்படும். பழைய சங்கதி அங்கே ஏட்டில் இருக்கும்.

அப்போது தப்பினாலும் நிம்மதி இல்லை. உண்மையை மறைத்து வாங்கிய லைசென்சை, பிறகு எப்போது தெரியவந்தாலும் ரத்து செய்யலாம்.

ஏழை என்பதால் மறுக்கலாமா?

கூடாது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்சை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மனுதாரர் அப்பீல் செய்யலாம்.

லைசென்சு கிடைத்தால் ஆயுள் முழுவதும் செல்லும் என்பதில்லை. 2019-ல் வந்த திருத்தப்படி அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். கல்யாண வீட்டில் குஷிக்காக, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி வானத்தில் சுட்டால், 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ அல்லது இரண்டுமோ கிடைக்கலாம்.

பன்றியைச் சுடலாமா?

நமது விவசாயி ஒன்றை மறக்கக் கூடாது. துப்பாக்கி லைசென்சு வேறு, காட்டு விலங்கைச் சுடும் அனுமதி வேறு. காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு. பயிரை மேய்ந்தது என்று தாமாகவே சுட்டுவிட்டால், கையில் லைசென்சு இருந்தாலும் வழக்கு வரும்.

அவர் ஊர் ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் இல்லாமல் புதிய லைசென்சே தர முடியாது. மனு எழுதும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

அப்பா விட்டுச் சென்ற துப்பாக்கி

துப்பாக்கியே கேட்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

லைசென்சு வைத்திருந்தவர் இறந்து போகிறார். துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. அவருடைய மனைவியோ மகனோ அதைத் தொடவும் இல்லை. "நினைவாக இருக்கட்டும்" என்று விட்டு விடுகிறார்கள். ஆனால் லைசென்சு அவர் பெயருக்குத்தான். அவரோடு அது முடிந்து போகிறது. வீட்டில் இருப்பது இப்போது லைசென்சு இல்லாத துப்பாக்கி! அந்தக் குற்றத்துக்கு 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது தெரியாமல் போகலாம். தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லுங்கள். தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

வைத்துக்கொள்ள விரும்பினால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றோடு ஒருவர் மனு செய்யலாம். உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்கு மாற்றவும் விதி இருக்கிறது. அதற்கு, வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும். அல்லது அவர் 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்திருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே இதைப் பேசி முடிவு செய்வது குடும்பத்துக்கு நல்லது.

துப்பாக்கிக்குப் பூட்டு வாங்குங்கள். சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆனால் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்!