மணிதாவின் காகிதங்கள்

சாந்த்ராகாச்சியில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் வங்காளி நண்பர்கள் முதலில் விசாரிப்பது என் க்ஷேமத்தை அல்ல, "ஓல் எப்படி?" என்றுதான். ஓல் என்பது நம் சேனைக்கிழங்கு. நாக்கை அரிக்காத சேனைக்கு எங்கள் ஊர் பேர்போனது. நம்மவர்களுக்கோ இது கோரமண்டல் நிற்கும் ஒரு ஸ்டேஷன், அவ்வளவே. ஊறுகாய் ஜாடியுடன் வந்திறங்கும் உறவினர்களை எதிர்கொள்ளத்தான் நானும் அங்கே அதிகம் போயிருக்கிறேன்.

இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்தது 1998-ல், அப்பா காலமான மறு வருஷம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஏதாவது வரைந்துகொண்டிருப்பார். தமிழ் நாடகங்களுக்குத் திரை எழுதுவார், நவராத்திரிக் கொலுவுக்குக் காகிதக் கூழில் பொம்மை செய்வார், ஞாயிறு காலையில் காலனிக் குழந்தைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுப்பார். அந்தக் காகிதங்கள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. வீடு மாற்றும் அவசரத்தில் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். நாற்பத்தேழு ரூபாய் கிடைத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பெட்டியை மட்டும் குடுத்துடாதேடா, அரிசி போட்டு வெச்சுக்கலாம்" என்றாள்.

இந்தச் சங்கதியை நான் மறந்தே போயிருந்தேன். 2024-ல் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்துதான் தூக்கம் கெட்டது.

கிழக்கு பைபாஸில் ஆனந்தபூர் பக்கம் கல்கத்தா சென்டர் ஃபார் கிரியேட்டிவிட்டி என்று ஒரு கலைக்கூடம் இருக்கிறது. ஓவியர் கே. ஜி. சுப்ரமணியன் பிறந்து நூறாண்டு ஆனதையொட்டி, நான்சி அடஜானியா என்ற கலை விமர்சகர் அங்கே ஒரு பெரிய கண்காட்சியை அமைத்திருந்தார். பெரிய பெரிய ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன், குழந்தைப் புத்தகங்களுக்காக அவர் தயாரித்த மாதிரிகளும் சுவர்ச் சித்திரங்களுக்கான முன்வரைவுகளும் இருந்த இடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் காகிதங்களுக்கும் அப்பாவின் பெட்டியில் இருந்தவற்றுக்கும் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காகிதம் என்ற ஜாதி ஒன்றுதானே!

சுப்ரமணியனை நம் வாசகர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இனிஷியலில் உள்ள 'கே', பாலக்காட்டுக் கல்பாத்தி. தமிழ்க் குடும்பம். பிறந்தது 1924 பிப்ரவரி 15, வட கேரளத்தில் மாஹிக்கு அருகே கூத்துபரம்பில். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 1942-ன் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியில் இறங்கிச் சிறைக்குப் போனார். வெளியே வந்தால் அரசுக் கல்லூரி எதிலும் படிக்க முடியாது என்று தடை. 1944-ல் சாந்திநிகேதனுக்கு ரயிலேறினார்.

அதே காலத்தில் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர் வங்காளியான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம்தான். அங்கிருந்து ஒருவர் இங்கே வர, இங்கிருந்து ஒருவர் அங்கே போக, சம்பந்தி வீட்டுக் கொடுக்கல் வாங்கல் போல இது நடந்திருக்கிறது.

சாந்திநிகேதன் கலாபவனத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் மூவர்: நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ். சுப்ரமணியன் என்ற பெயருள்ள பிள்ளையை நம் வீடுகளில் மணி என்று கூப்பிடுவோம் அல்லவா? வங்காளத்திலும் அந்த மணி நிலைத்துவிட்டது. கூட ஒரு 'தா' சேர்த்து மணிதா. பின்னாளில் கண்ணிழந்த வினோத் பிஹாரி தம் வாழ்க்கையைப் பற்றி வங்காளியில் எழுதிய 'சித்ரகர்' நூலை இந்த மணிதாதான் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கல்கத்தா சீகல் பதிப்பகம் 2006-ல் வெளியிட்டது. குருவுக்குச் செலுத்திய காணிக்கையை எண்பதை கடந்த வயதில் எழுத்தாகச் செலுத்தியிருக்கிறார்.

1951-ல் பரோடா நுண்கலைப் பள்ளியில் ஆசிரியரானார். இடையில் லண்டன் ஸ்லேட் பள்ளியில் கொஞ்ச காலம், 1959 முதல் 1961 வரை அகில இந்திய கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பு. கைத்தறி வாரியமா, ஓவியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவரைப் பொறுத்தவரை தறிக்கும் தூரிகைக்கும் நடுவே வேலி கிடையாது. நெசவாளியும் குயவரும் பொம்மை செய்கிறவரும் கலைஞர்களே என்பதைப் பேச்சோடு நிறுத்தாமல் செய்து காட்டியவர். பரோடாவில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்திய கலைச் சந்தைக்காக மரத்திலும் தோலிலும் மணியிலும் பொம்மைகள் செய்தார். குழந்தைகளுக்குப் புத்தகங்கள் போட்டார். அவற்றில் 1969-ல் வந்த ஒன்று, கடவுள் முதன்முதலில் மிருகங்களை ஒரே மாதிரியாகப் படைத்துவிட்ட கதை. பேசும் முகத்தைப் பற்றிய இன்னொரு கதை நெருக்கடி நிலையைக் குத்திக்காட்டுவது. பிள்ளைகள் படம் பார்க்கலாம், பெற்றோர் சிரிக்கவும் பயப்படவும் செய்யலாம்.

லக்னோ ரவீந்திராலயாவின் சுவரில் 1963-ல் தாகூரின் 'ராஜா' நாடகத்தைச் சுடுமண் ஓடுகளால் கோத்தார். பத்மஸ்ரீயில் தொடங்கி 2012-ல் பத்மவிபூஷண் வரை பட்டங்களும் வந்தன. இவற்றைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய கண்ணாடி ஓவியங்கள். எங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒரு தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் இருந்தது, வெண்ணெய்க் கிருஷ்ணன். கண்ணாடிக்குப் பின்புறம் வரைந்து முன்புறமிருந்து பார்ப்பது. சாதாரணப் படத்தில் முதலில் பின்னணி, பிறகு உடம்பு, உடை, நகை, கடைசியில் கண் திறப்பது. கண்ணாடியில் வரைகிறவருக்கு எல்லாமே தலைகீழ். கண்மணியின் புள்ளியை முதலில் வைக்க வேண்டும், அதன் மேல் கண்ணின் வெள்ளை, அதன் மேல் முகத்தின் நிறம், எல்லாவற்றுக்கும் கடைசியில் திரைச்சீலையும் சுவரும். இடக்கை வலக்கையாகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படும் கோட்டை மேலே பூசிய வண்ணங்கள் மூடிவிடுவதால், பின்னால் திருத்தவும் வழியில்லை. பஜாரில் சுவாமி படம் விற்கிறவர்களின் வித்தை என்று நகரத்து ஓவியர்கள் ஒதுக்கிவைத்த இந்த முறையைச் சுப்ரமணியன் எழுபதுகளின் இறுதியில் எடுத்துக்கொண்டார். பிறகு அக்ரிலிக் தகட்டிலும் வரைந்தார். பூனை, ஆடு, தேவி, சாமியார், நடுத்தர வர்க்கத்து மாமா எல்லாரும் அதில் வருகிறார்கள். சிலர் கொஞ்சம் விஷமமாகவே பார்க்கிறார்கள்.

1980-ல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களில் அவர் கறுப்பு வெள்ளையில் வரைந்ததை நான் 2012-ல் பார்த்தேன். 1990-களில் வரைந்தது மழையிலும் வெயிலிலும் மங்கிவிட, எண்பத்தைந்து வயதுக்கு மேல் சாரத்தில் ஏறித் திரும்ப வரைந்திருக்கிறார். அன்று நான் அதன் முன்னே நின்று போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. போல்பூரில் ரயில் போய்விடும் என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

2016 ஜூன் 29 அன்று பரோடாவில் காலமானார். வயது 92. ஹாங்காங்கில் உள்ள ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு, அவருடையதும் பரோடாவின் ஜோதி பட், ரத்தன் பரிமூ, குலாம் முகம்மது ஷேக் ஆகியோருடையதுமான சொந்தச் சேகரிப்புகளைப் படியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. கண்காட்சி பார்த்துவிட்டு வந்த அன்று இரவு என் மருமகள் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்தாள். ஒரு ஓவியம் எப்படி முடிந்தது என்பதைச் சுவர் காட்டும். எப்படித் தொடங்கியது, எங்கே தடுமாறியது என்பதைக் காகிதம்தான் காட்டும். ஓர் ஆசிரியருக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் படித்த காலனிப் பிள்ளைகளில் ஒருவன் இன்று என்னிடம் வந்து, "மாமா, எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த யானை இருக்கா?" என்று கேட்டால் நான் அரிசிப் பெட்டியைத்தான் காட்ட வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எண்பத்தொரு வயது மாமி ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர், 1962-ல் கல்யாணமாகி வந்தவர். பிள்ளை பெங்களூருக்கு அழைத்துப் போகிறான், வீட்டைக் காலி செய்கிறார்கள். போன மாதம் வாசலில் பழைய பேப்பர்காரரின் தராசைக் கண்டதும் மேலே ஓடினேன். கட்டிவைத்த பத்திரிகைகளுக்கு நடுவே பதினோரு கோல நோட்டுகள்.

"இதெல்லாம் எதுக்குப்பா உனக்கு? வெறும் புள்ளிக் கணக்கு" என்றார் மாமி.

"இருக்கட்டும் மாமி, நான் படம் எடுத்துக்கறேன்" என்றேன். பேப்பர்காரர் ஏமாற்றத்துடன் தராசைச் சுருட்டினார்.

தினமும் மத்தியானம் போய், ஜன்னலோரம் வைத்துப் பக்கம் பக்கமாகச் செல்போனில் எடுக்கிறேன். இரண்டு நோட்டு 1978 வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டவை; அவற்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சில பக்கங்களின் பின்னால் பால் கணக்கு இருக்கிறது, அதையும் விடவில்லை. எந்தக் கோலம் எந்தப் பண்டிகைக்கு, யாரிடம் கற்றது என்று மாமி சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதிக்கொள்கிறாள். நான்கு நோட்டு முடிந்திருக்கிறது. நாளை ஐந்தாவது. மூன்று மணிக்கு மேல்தான் வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை தூங்குவாராம்.