தேயிலை ஆலையின் எரிசக்திக் கணக்கு

இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை அடுத்து, வட்டவடை என்னும் மலையூர் அமைந்துள்ளது. இவ்வூரின் தமிழ் பேசும் உழவர்கள் படிப்படியாக அமைந்த வயல்களில் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு, பூண்டு முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். இங்கிருந்து மூணாறுக்குச் செல்லும் சாலை, டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பட்டி ஆகிய இடங்களைக் கடந்து, தேயிலைத் தோட்டங்களினூடே செல்கின்றது.

இம்மலைகள் இருவகை எரிசக்தியை வழங்குகின்றன. ஒன்று நீர். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல், 1940 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மற்றொன்று மரம். யூக்கலிப்டசு விறகு தேயிலை ஆலைகளின் உலைகளில் எரிகின்றது. அவ்வினத்தைச் சேர்ந்த ‘கிராண்டிஸ்’ மரங்கள் தங்கள் ஊற்றுகளை வற்றச் செய்கின்றன என்பது வட்டவடை உழவர்களின் நெடுநாளைய குறை. எனவே, ஓர் ஆலை எவ்வளவு எரிசக்தியை உண்மையில் பயன்படுத்துகின்றது, எவ்வளவை வீணாக்குகின்றது என்னும் வினா ஆலையின் மதிலோடு நின்றுவிடுவதன்று.

இவ்வினாவுக்கு விடை காணும் முறையே எரிசக்தித் தணிக்கை எனப்படும். 2001 ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. எரிசக்தி செலவாகும் விதத்தைச் சரிபார்த்தல், தொடர்ந்து கண்காணித்தல், ஆராய்தல், சிக்கனத்துக்கான வழிகளை வரவு செலவுக் கணக்குடன் அறிக்கையாக அளித்தல் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

மேலிருந்தும் கீழிருந்தும்

கணக்கிடும் வழிகள் இரண்டு. முதலாவது, ஓராண்டுக்குரிய மின்கட்டணச் சீட்டுகள், விறகு எடைச் சீட்டுகள், டீசல் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைத் தொகுப்பது. இது மொத்தச் செலவைக் காட்டும்; செலவான இடத்தைக் காட்டாது. இரண்டாவது, ஒவ்வொரு யந்திரமும் எடுக்கும் மின்திறனை அது ஓடும் மணிகளால் பெருக்கிக் கூட்டுவது. இது இடத்தைக் காட்டும். ஆனால் ஊகங்கள் மிகுந்தது. இரண்டு தொகைகளும் ஏறக்குறைய ஒன்றுபடும்போதே கணக்கு நம்பத்தக்கதாகும். பெரிய வேறுபாடு தோன்றின், அதனை ‘இதர செலவு’ என்று எழுதி மூடிவிடலாகாது. அளக்கப்படாத யந்திரமோ, தவறான மணிக்கணக்கோ அங்கே மறைந்திருக்கும்.

யந்திரத்தின் மீதுள்ள தகட்டை அப்படியே நம்புவது பொதுவான பிழை. கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறிக்கு 7.5 கிலோவாட் மோட்டார் உள்ளது. அது நாள்தோறும் 14 மணி நேரம் ஓடுகின்றது எனக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 105 யூனிட் வரும். ஆனால் தகட்டில் காண்பது மோட்டாரின் அச்சு தரவல்ல திறனேயன்றி, அது கம்பியிலிருந்து இழுக்கும் திறனன்று. மோட்டார் 70 சதவீதச் சுமையில் ஓடி, அதன் பயனுறுதிறன் 88 சதவீதமாக இருப்பின், அது இழுப்பது ஏறத்தாழ 6 கிலோவாட். நாட்செலவு 84 யூனிட். ஒரு விசிறிக்கே 21 யூனிட் பிழை என்றால், பல விசிறிகளுக்கு எவ்வளவாகும்! ஆதலால் பெரிய மோட்டார்களை ஓடும் நிலையிலேயே கருவிகொண்டு அளத்தல் வேண்டும்.

வெப்பத்தின் பங்கு

மின்சாரத்தை மட்டும் கணக்கிட்டால் தேயிலை ஆலையின் பெரும் செலவு கண்ணுக்குத் தப்பிவிடும். தேயிலை செய்தல் என்பது பெரும்பாலும் நீரை நீக்கும் தொழிலேயாகும்.

நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் 78 கிலோ நீரும் 22 கிலோ உலர்பொருளும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். வாட்டியபின் ஈரம் 70 சதவீதமானால், கொழுந்தின் எடை 73.3 கிலோ. அரைத்து, நொதிக்கச் செய்து, உலர்ப்பானில் 3 சதவீத ஈரத்துக்குக் கொணர்ந்தால் கிடைக்கும் தேயிலை 22.7 கிலோ. எனவே உலர்ப்பான் நீக்கும் நீர் 50.6 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை. ஆக 121 மெகாஜூல் கட்டாயத் தேவையாகும். நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். ஆகவே 8 கிலோ விறகே போதும் என்று கணிதம் கூறுகின்றது.

எடைச் சீட்டின்படி 27 கிலோ விறகு எரிந்திருப்பின், பயன்பட்டது 30 சதவீதமே. எஞ்சியது புகைப்போக்கி வழியாகவும், உலர்ப்பானிலிருந்து வெளியேறும் சூடான காற்றின் வழியாகவும், உலைச் சுவர்கள் வழியாகவும் போயிற்று. வாட்டுதலுக்கும் சூடான காற்று தரப்பட்டிருந்தால் அதனைத் தனியே கணக்கிட வேண்டும். விறகின் ஈரத்தையும் நோக்குதல் இன்றியமையாதது. பாதி எடை நீராக உள்ள பச்சை விறகு கிலோவுக்குச் சுமார் 8 மெகாஜூல் மட்டுமே தரும்.

இதே கொழுந்துக்கு மின்செலவு 14 யூனிட் எனில், ஒரு யூனிட் 3.6 மெகாஜூல் ஆகையால், அது 50 மெகாஜூல். விறகின் வழியே வந்ததோ 405 மெகாஜூல்! எனினும், ஒரு மெகாஜூல் மின்சாரத்தின் விலையும் விறகின் விலையும் ஒன்றல்ல. எனவே எரிசக்திக் கணக்கையும் பணக் கணக்கையும் தனித்தனியே எழுதுதல் நலம்.

ஒரு சிக்கனம் மற்றொன்றின் விரயம்

மின்கட்டணத்தைக் குறைக்க எண்ணி, வாட்டும் விசிறிகளை முன்கூட்டியே நிறுத்தினால் என்ன நேரும்? ஈரம் 70 சதவீதத்துக்குப் பதிலாக 72 சதவீதத்தில் நின்றுவிட்டால், உலர்ப்பான் நீக்க வேண்டிய நீர் 50.6 கிலோவிலிருந்து 55.9 கிலோவாக உயரும். விறகுச் செலவும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். மின்கட்டணச் சீட்டில் இலாபம் தோன்றும். நட்டம் விறகுக் கொட்டகையில் ஒளிந்துகொள்ளும். வாட்டத்தின் அளவை முதலில் வரையறுப்பது தேயிலையின் தரமே. அவ்வரம்புக்குள் எது சிக்கனம் என்பதை இரு கணக்குகளையும் ஒருசேரப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பள்ளியிலும் விடுதியிலும்

இம்முறையை ஆசிரியர்கள் தம் பள்ளியிலேயே மாணவர்களைக் கொண்டு செய்து காட்டலாம். மின்மானியின் அளவைக் காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் குறித்து வரச் செய்க. விளக்கு, மோட்டார், கணினி ஆகியவற்றின் மணிக்கணக்கைத் தனியே எழுதி, இரண்டையும் ஒப்பிடுக. சமையலறையை மறவாதீர்கள்: 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்றில் ஏறத்தாழ 650 மெகாஜூல், அதாவது 180 யூனிட்டுக்கு இணையான வெப்பம் உள்ளது. குளிர் மிகுந்த மலையூர் விடுதியில் நூறு லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 40 பாகை செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ 3 யூனிட் தேவை. அத்தகைய இடங்களில் விளக்குகளை விட வெந்நீரே பெருஞ்செலவாக இருத்தல் கூடும்.

களப்பணியாளர் மூன்றை நினைவிற் கொள்க. தகட்டைப் படித்தபின் அளந்தும் பார்த்தல். எல்லா எரிபொருள்களையும் ஓர் அலகில் எழுதுதல். கூட்டுத் தொகையைச் சீட்டுகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தைத் தேடுதல். இவை நிறைவேறியபின்பே எந்த யந்திரத்தை மாற்றுவது, எந்த உலையைச் செப்பனிடுவது என்னும் யோசனையைக் கூறத் தகும்.