கற்பூர வாசனை வீசும் தாத்தா காலத்து பேனா: தீக்குச்சி காட்டி சோதிக்காதீங்க!

பரண் மேல் கிடக்கும் டிரங்க் பெட்டியை இறக்கி தூசு தட்டினால், பல வீடுகளில் தாத்தா எழுதிய இங்க் பேனா ஒன்றிரண்டு சிக்கும். பச்சை நிறத்தில் முத்து கலந்த மாதிரி, தேன் நிறத்தில் கோடு கோடாக, பளிங்கு கல் போல மினுமினுக்கும் பேனாக்கள் அவை.

அதை கையில் எடுத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, நிப்பை பிடுங்குவதுதான். "தங்க நிப்பாச்சே, அடகு கடையில ஏதாவது தேறும்" என்ற ஆசை. நிப்பு கடைக்கு போகும், பேனாவின் உடம்பு குப்பைக்கு போகும்.

இன்னும் சிலர், இது என்ன பிளாஸ்டிக் என்று பார்க்க தீக்குச்சியை உரசி ஓரத்தில் காட்டுகிறார்கள். இது அதைவிட மோசம். பேனாவும் போகும், கையும் வேகும்.

காரணம், அந்த கால பேனாக்களில் பெரும்பாலானவை செல்லுலாயிட் என்ற பொருளில் செய்தவை. இதன் அருமையும் ஆபத்தும் தெரியாமலேயே பல நல்ல பேனாக்கள் அழிந்து வருகின்றன.

பஞ்சும் கற்பூரமும்

செல்லுலாயிட் என்பது மனிதன் செய்த முதல் பிளாஸ்டிக் வகைகளில் ஒன்று. பருத்தி பஞ்சை நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம் கலவையில் ஊற வைத்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். அதோடு கற்பூரத்தை சேர்த்து பிசைந்தால் செல்லுலாயிட் ரெடி. சாமிக்கு ஏற்றுகிறோமே, அதே கற்பூரம்தான்.

இங்கிலாந்தை சேர்ந்த அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862-ல் லண்டன் கண்காட்சியில் இதன் முன்னோடியை காட்டினார். அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் என்பவர் பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானை தந்தத்துக்கு பதில் வேறு பொருள் தேடியபோது, கற்பூரம் சேர்க்கும் முறையை கண்டுபிடித்து 1870-ல் காப்புரிமை வாங்கினார்.

சினிமா பிலிமும் 1950-களின் தொடக்கம் வரை இதே குடும்பத்து பொருள்தான். தியேட்டர் ஆபரேட்டர் ரூமில் அந்த காலத்தில் அடிக்கடி தீப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். டேபிள் டென்னிஸ் பந்து கூட 2014 வரை சர்வதேச போட்டிகளில் செல்லுலாயிட் பந்துதான். இன்னொரு விஷயம். துப்பாக்கி மருந்தாக பயன்படும் 'கன் காட்டன்' இதற்கு அண்ணன் முறை. அதில் நைட்ரஜன் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கறுப்பு பேனாவுக்கு கலர் வந்த கதை

1920-களுக்கு முன்னால் பேனா என்றால் பெரும்பாலும் எபோனைட். ரப்பரோடு கந்தகம் சேர்த்து வேக வைத்து கெட்டியாக்கியது. கறுப்பு, சிவப்பு, இரண்டும் கலந்தது என்று இதில் நிறம் குறைவு.

அமெரிக்காவின் ஷீபர் கம்பெனி 1924-ல் மரகத பச்சை நிற செல்லுலாயிட் பேனாவை இறக்கியதும் கதையே மாறியது. பார்க்கர் கம்பெனி 1926-ல் தனது டியோபோல்ட் பேனாவை எபோனைட்டில் இருந்து செல்லுலாயிட்டுக்கு மாற்றியது. 1929-ல் வாட்டர்மேன் கம்பெனியின் பேட்ரீஷியன் வந்தது. 1933-ல் பார்க்கரின் வாக்குமேட்டிக். இதில் முத்து நிற வளையமும் கண்ணாடி வளையமும் மாறி மாறி அடுக்கி இருக்கும். வெளிச்சத்தில் தூக்கி பிடித்தால் உள்ளே எவ்வளவு இங்க் மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

கலர் கலரான தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தி, கட்டியாக்கி, குறுக்கே வெட்டி கம்பி ஆக்குவார்கள். அந்த கம்பியை மாதக்கணக்கில் காய வைப்பார்கள். அவசரப்பட்டு கடைந்தால் பேனா பிறகு சுருங்கி கோணிக்கொள்ளும். காய்ந்த பிறகுதான் லேத்தில் ஏறும். அதனால் ஒரு பேனாவின் கோலம் மாதிரி இன்னொன்று அச்சு அசலாக இருக்காது.

இரண்டாம் உலகப்போருக்கு பிறகு பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றும் மெஷின் வந்தது. செல்லுலாயிட்டை அப்படி உருக்க முடியாது, தீப்பிடித்துவிடும். மாதக்கணக்கில் காய வைக்கவும் கம்பெனிகளுக்கு பொறுமை இல்லை. செல்லுலாயிட் ஓரங்கட்டப்பட்டது. இன்றைக்கு இத்தாலி, ஜப்பான் நாடுகளில் சில கம்பெனிகள் மட்டும் கொஞ்சமாக, கூடுதல் விலைக்கு செய்கின்றன.

கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் உள்ளது செல்லுலாயிட்டா, இல்லையா என்று பார்க்க நெருப்பு தேவையில்லை. கட்டை விரலும் மூக்கும் போதும்.

* பேனாவின் உடம்பை கட்டை விரலால் சூடு வரும் வரை நன்றாக தேய்க்க வேண்டும். உடனே முகர்ந்து பார்த்தால் லேசாக கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாயிட். ரொம்ப பழசாகிவிட்டால் வாசனை குறைவாக இருக்கும். மூடியை திறந்து உள்பக்கம் முகர்ந்தும் பார்க்கலாம்.

* தேய்த்ததும் கந்தக நெடி, ரப்பர் நெடி வந்தால் அது எபோனைட். கறுப்பு எபோனைட் வெயில் பட்டு பட்டு பாசி நிறத்துக்கோ, பழுப்புக்கோ மாறி இருக்கும். ராஜமுந்திரியில் 1930-களில் சுதேசி பேனாவாக புகழ்பெற்ற ரத்னம் பேனா எபோனைட்தான். நம்ம திருவள்ளூரில் இன்றைக்கும் லேத்தில் கடைந்து செய்யும் பேனாக்களிலும் எபோனைட் பிரபலம். இதுவும் அருமையான பேனாதான், தூக்கி போட்டுவிடக்கூடாது.

* நிப்பு முழுசும் மூடி மறைந்து, நுனி மட்டும் எட்டி பார்க்கும் 'பார்க்கர் 51' பேனாவை பலர் செல்லுலாயிட் என்று நினைக்கிறார்கள். 1941-ல் விற்பனைக்கு வந்த அந்த பேனா அக்ரிலிக் வகை பிளாஸ்டிக். அதே சாயலில் நம்ம ஊரில் சக்கை போடு போட்ட சீனாவின் 'ஹீரோ' பேனாவும் செல்லுலாயிட் கிடையாது.

சூடான ஊசியால் குத்தி பார்க்கும் டெஸ்டும் கூடவே கூடாது. செல்லுலாயிட் எரிவதற்கு தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. பற்றிக்கொண்டால் 'குப்'பென்று எரியும், ஊதி அணைக்க முடியாது. அதற்காக சட்டை பையில் வைத்தால் வெடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். நெருப்பு கிட்டே போகாத வரை அது சாது.

நிப்பில் எவ்வளவு தங்கம்?

நிப்பில் 14கே அல்லது 585 என்று பொறித்திருந்தால் அது 14 காரட் தங்கம். ஆனால் அதன் எடை பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. ஜி.பி. என்ற எழுத்து இருந்தால் வெறும் தங்க முலாம். 'இரிடியம் பாயிண்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் ஸ்டீல் நிப்புதான். 'இரிடியம்' என்பது நுனியில் ஒட்டியிருக்கும் கடினமான உலோக குண்டுமணியை குறிக்கும் சொல்.

நிப்பை பிடுங்கி விற்றால் கிடைப்பது அந்த பொடி தங்கத்தின் காசு. நிப்பு, மூடி, கிளிப், உடம்பு எல்லாம் ஒரே கம்பெனி பெயரோடு முழுசாக இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு. நிப்பு இல்லாத பேனா, ஜோடி இழந்த செருப்பு மாதிரி.

அந்த காலத்தில் பேனாவில் பெயர் பொறித்து கொள்ளும் பழக்கம் இருந்தது. சந்தையில் பெயர் பொறித்த பேனாவுக்கு பொதுவாக விலை குறைவு. ஆனால் அது உங்க தாத்தா பெயர் என்றால் கணக்கே வேற.

லீவரை இழுக்காதீங்க

பழைய பேனாவில் பக்கவாட்டில் ஒரு சின்ன லீவர் இருக்கும். உள்ளே ரப்பர் பை. லீவரை தூக்கினால் பை அமுங்கும், விட்டால் இங்க் உறிஞ்சும். பல வருஷம் சும்மா கிடந்தால் அந்த ரப்பர் கல்லாக இறுகி இருக்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் லீவர் உடையும், உடம்பும் விரியும். லீவர் அசையவில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

ரப்பர் பை புதுசாக மாற்றக்கூடியது. அரக்கால் ஒட்டி இருப்பதால், மிதமான சூட்டில் இளக்கி கழட்டுவார்கள். எவ்வளவு சூடு என்பதுதான் தொழில் நுணுக்கம். சுமார் 60 - 70 டிகிரியிலேயே செல்லுலாயிட் இளக ஆரம்பித்துவிடும். அடுப்பு, மெழுகுவர்த்தி, லைட்டர், கொதிக்கிற வெந்நீர் எதுவும் ஆகாது. பழைய பேனா ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

கழுவுவதற்கு சாதாரண பச்சை தண்ணீர் போதும். நிப்பு பகுதியை மட்டும் தண்ணீரில் நனைத்து காய்ந்த இங்க்கை கரைக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகக்கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் செல்லுலாயிட்டை கரைத்துவிடும்.

பெட்டியில் பூட்டினால் பேனாவுக்கு நோய்

பொக்கிஷம் என்று நினைத்து பாலிதீன் கவரில் சுற்றி, காற்று புகாத டப்பாவில் பூட்டுவது பெரிய தப்பு. வயசான செல்லுலாயிட்டில் இருந்து மெதுவாக அமில ஆவி வெளியேறும். வெளியே போக வழி இல்லை என்றால் அந்த ஆவியே பேனாவை அரிக்கும். பிறகு பக்கத்து பேனாவையும் விடாது.

மூக்கை துளைக்கும் புளித்த நெடி, உடம்புக்குள் கண்ணாடி விரிசல் மாதிரி நுணுக்கமான கோடுகள், பிசுபிசுப்பு, கிளிப்பில் பச்சை களிம்பு. இவை நோய் வந்ததற்கு அடையாளம். அப்படி ஒரு பேனா இருந்தால் உடனே தனியாக பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். போன உடம்பு திரும்பாது. மற்ற பேனாக்களை காப்பாற்றலாம்.

பழைய ரப்பர் பையில் இருந்து வரும் கந்தக ஆவியும் எதிரிதான். பச்சை, முத்து நிற பேனாக்கள் இதனால்தான் பழுப்பேறி போகின்றன. ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வைக்கவும் கூடாது.

துணி அல்லது அட்டை பெட்டியில், வெயில் படாத பீரோ அல்லது மேஜை டிராயரில் வைத்தால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழே உள்ள பரண், அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு, டி.வி. மேல் பக்கம் இதெல்லாம் வேண்டாம்.

சரஸ்வதி பூஜை அன்று பேனாவை சாமி முன்னால் வைத்து சந்தனம், குங்குமம் வைப்பது நம்ம வழக்கம். தாராளமாக வைக்கலாம். ஆனால் கற்பூர தட்டும் குத்துவிளக்கும் எட்டி இருக்கட்டும். கற்பூரம் கலந்து செய்த பேனா பக்கத்தில் எரியும் கற்பூரத்தை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது போல.

எழுதினால்தான் பேனா

சரி செய்த பேனாவை எழுதாமல் வைப்பது அதற்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்க்கோடு சும்மா விட்டால்தான் கெடுதல், நிப்புக்கு அடியில் உள்ள கட்டையில் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். எழுதுங்கள், இல்லாவிட்டால் இங்க்கை வடித்து கழுவி காய வைத்துவிடுங்கள்.

சாதாரண இங்க் பேனா நீல மையே போதும். படம் வரைய பயன்படும் 'இண்டியன் இங்க்' ஊற்றினால் உள்ளே அப்பிக்கொள்ளும். பால் பாயிண்ட் பேனா மாதிரி அழுத்தி எழுதவும் வேண்டாம். பேனாவின் சொந்த எடையிலேயே இங்க் இறங்கும்.

கையெழுத்து போட, மளிகை லிஸ்ட் எழுத, பிள்ளைகளுக்கு ஒரு வாழ்த்து எழுத என்று வாரம் ஒரு தடவை கையில் எடுத்தாலே போதும். 80, 90 வருஷத்து பேனா இன்னும் ஒரு தலைமுறைக்கு எழுதும்.

பழைய பெட்டியை கிளறும்போது பேனா கிடைத்தால் இனி செய்ய வேண்டியது இதுதான்: முதலில் கட்டை விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்க. கற்பூரம் மணந்தால் நிப்பில் கை வைக்காதீங்க, நெருப்பு கிட்டே கொண்டு போகாதீங்க, கவரில் போட்டு கட்டாதீங்க. மற்றதை ரிப்பேர்காரர் பார்த்துக்கொள்வார்.