அப்பாவின் டி-ஷர்ட்... மகளின் டிரெஸ்!

உங்கள் வீட்டில் பழைய டி-ஷர்ட் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் முதலில் கரித்துணி, பிறகு வண்டி துடைக்கும் துணி, கடைசியில் மிதியடி. ஆனால், இந்த முறை ஒன்று மட்டும் காலேஜுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது!

நாங்கள் இருப்பது தர்மபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். என் வீட்டுக்காரர் எட்டு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். முதுகு வலி வந்து ஊர் திரும்பிய பிறகு மெஷின் பக்கமே போவதில்லை; அந்தப் பேச்சையும் எடுப்பதில்லை. அங்கிருந்து வந்த ஒன்பது டி-ஷர்ட்டுகள் மட்டும் பீரோவில் கிடந்தன.

கல்லூரி முதல் வருடம் படிக்கும் மகளுக்கு டிபார்ட்மென்ட் விழா. போனில் ஒரு டிரெஸ்ஸைக் காட்டினாள். 1,200 ரூபாய். "இந்த மாசம் வேணாம்டா" என்றேன். "சரிம்மா" என்று போனை அணைத்துவிட்டாள். அடம் பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'சரிம்மா'தான் என்னைக் கத்தரிக்கோலை எடுக்க வைத்தது.

முதல் இரண்டும் சொதப்பல்!

எனக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியும். டி-ஷர்ட்டெல்லாம் ஒரு விஷயமா என்ற நினைப்பில், வீடியோவில் பார்த்தபடி கழுத்தையும் கீழ்ப்பகுதியையும் வெட்டினேன். வெட்டிய ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. கழுத்து தோளைவிட்டே இறங்கியது.

இரண்டாவதை மெஷினில் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன். நாலு தையல் விழுந்தால் ரெண்டு விடுபட்டது. ஊசி போன இடத்தில் பொடிப்பொடியாக ஓட்டை. ஓரம் அலை அலையாக நெளிந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சட்டைத் துணி நெய்தது. நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பனியன் துணி பின்னியது; வளையத்துக்குள் வளையம். அதனால்தான் இழுபடுகிறது. வெட்டினாலும் நூல் பிரிவதில்லை, ஆனால் சுருள்கிறது. கூர்மையான சாதா ஊசி அந்த வளையத்தைக் குத்தி அறுத்துவிடும். பனியன் துணிக்கென்று முனை உருண்டையான 'பால் பாயின்ட்' ஊசி இருக்கிறது. அது வளையங்களை விலக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போகும்.

கட்டிலிலிருந்து ஒரு குரல்

மூன்றாவதாக நீல டி-ஷர்ட். மேல் பகுதி டி-ஷர்ட், இடுப்புக்குக் கீழே என் பழைய காட்டன் புடவையில் சுருக்கம் வைத்த பாவாடை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மகள் தலை வழியாகப் போட்டதும் 'படக்'. இடுப்புத் தையல் முழுக்க அறுந்தது. அவளுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை.

அதுவரை பேசாமல் படுத்திருந்தவர், "அது இழுபடுற துணி. நீ போட்டது இழுபடாத தையல். அறாம என்ன பண்ணும்?" என்றார். கேட்காமல் வெட்டியதற்குத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "பக்கத் தையலுக்கு ஓவர்லாக் போடு. இடுப்புல எலாஸ்டிக் வை. மெஷின்ல துணியை இழுக்காத, அது போற போக்குல விடு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். டி-ஷர்ட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஊசி ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். அன்று ராத்திரிதான் திருப்பூர் கதையெல்லாம் சொன்னார். கட்டிங்கில் விழும் துண்டுகள் 'பனியன் வேஸ்ட்' ஆகி ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி துடைக்கப் போகுமாம். நல்ல பருத்தித் துண்டுகளைப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கவும் செய்வார்களாம்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் செடி வளர்ப்பது முதல் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த ஊர்க்காரிக்கு இந்தக் கணக்கு உறைக்காதா?

ஓட்டையும் அழகுதான்

டவுன் டெய்லர் கடையில் ஓவர்லாக் போட்டேன். எலாஸ்டிக்கோடு சேர்த்துச் செலவு 70 ரூபாய். மீதி இருந்தது அந்த ஊசி ஓட்டைகள். அப்போது நினைவுக்கு வந்தது சிட்டிலிங்கி. எங்கள் மாவட்டத்தில் அரூர் பக்கம் உள்ள மலைப் பள்ளத்தாக்கு. வழக்கொழிந்து போய்க்கொண்டிருந்த பாட்டி காலத்து எம்ப்ராய்டரியை அங்குள்ள லம்பாடிப் பெண்கள் மீட்டெடுத்து, 'பொர்கை' என்ற பெயரில் அமைப்பாகச் சேர்ந்து விற்பனை செய்கிறார்கள். அவர்கள் மொழியில் 'பொர்கை' என்றால் பெருமை. அவர்களின் நுணுக்கமான வேலை எனக்கு வராது. எனக்குத் தெரிந்த சங்கிலித் தையலில், ஓட்டை இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பூ போட்டேன். அடியில் மெல்லிய காட்டன் துண்டு கொடுத்ததால் துணி சுருங்கவில்லை.

நீங்களும் ஆரம்பிக்கலாம்!

* முதல் டி-ஷர்ட் வீணாகலாம். அதனால் கிழிந்ததில் பழகுங்கள். பிடித்ததைக் கடைசியில் வெட்டுங்கள்.

* துவைத்து, காயவைத்து, தரையில் விரித்து வெட்டுங்கள். தொங்கவிட்டு வெட்டினால் கோணலாகும்.

* கழுத்தை நினைத்ததைவிட ஒரு இன்ச் குறைவாகவே வெட்டுங்கள். பனியன் துணி தானாக விரியும்.

* பிரின்ட் மேல் நேராக அயர்ன் செய்யாதீர்கள். உள்பக்கம் திருப்பி, மிதமான சூட்டில் தேயுங்கள்.

* சாயம் போடுவதென்றால் பருத்தியா, பாலியஸ்டரா என்று பாருங்கள். பருத்திக்கான சாயம் பாலியஸ்டரில் பிடிக்காது.

* வீணான டி-ஷர்ட்டை ஒரு இன்ச் நாடாவாகச் சுற்றிச் சுற்றி வெட்டி இழுத்தால், சுருண்டு கயிறு போலாகும். பின்னினால் ஹேர்பேண்ட், பை எல்லாம் தயார்.

விழா முடிந்து வந்த மகளிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "எங்க வாங்கினனு நாலு பேர் கேட்டாங்கம்மா. துணி அப்பா கம்பெனி, தையல் அம்மானு சொன்னேன்" என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், பீரோவில் இருந்த மிச்சம் ஆறு டி-ஷர்ட்டுகளும் மடித்து மெஷின் மேல் இருந்தன. மெஷினுக்கும் எண்ணெய் விட்டிருந்தது!